கடைசிப் பத்தி

ஓசூர், மூக்கண்டப்பள்ளி
12 ஜூன் 2025, வியாழன்

அன்புள்ள டெல்பினுக்கு,

அண்ணன் அருள்ஜோசப் எழுதுவது. நீயும் உன் ஆய்வகத்து எலிகளும் நலம்தானே.

உறுதியான செய்தி முதலில். அறுபது குழாய்களும் நிரம்பி, மூடி ஒட்டி, ஐஸ் பெட்டிக்குள் ஏறிவிட்டன. ஆதாரம்: உன் அண்ணி கிருபாவின் பதிவு நோட்டு, எண்ணிப் பார்த்த என் கண். காலை 9.20க்கு உங்கள் ஓட்டுநர் திம்மராயன் பெட்டியை வண்டியில் ஏற்றினார். பெங்களூர் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். "அத்திப்பள்ளி டிராபிக்கைத் தாண்டினாத்தான் சார் அதைச் சொல்ல முடியும்" என்றார். அதனால் நேரம் எழுதவில்லை.

நாம் போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். பெட்டி மூடியின் உறையில் கடிதம் வைக்கலாம் என்று நீ சொன்ன ஏற்பாடு நல்லது. எழுத்தில் குறுக்கே பேச முடியாது.

நான் புரிந்துகொண்டது சரிதானா என்று பார். கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் வாடகைக்கு இருக்கும் லைன் வீடுகளில், முப்பது வயது தாண்டிய பெண்கள் ஆளுக்கொரு சின்ன பிரஷும் குழாயும் வாங்கிப் போய், தங்கள் மாதிரியைத் தாங்களே எடுத்துத் தர வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் அதில் இருக்கிறதா என்று நீங்கள் பார்ப்பீர்கள். குழாயில் எண் மட்டும். பெயர் கிருபாவின் நோட்டில் மட்டும். நீ பெயர்களைப் பார்க்கக் கூடாது, ஆய்வு முடியும்வரை இந்தப் பக்கம் வரவும் கூடாது. தன்னார்வலர் என்பதால் கிருபா தன் மாதிரியைத் தரக் கூடாது.

மே மாதக் கடைசியில் நாற்பத்தொன்பதில் நின்றுபோயிருந்தது. பிறகு ஒரே வாரத்தில் அறுபது. எப்படி என்று கேட்டேன். "கேக்கற விதத்துல கேட்டாக் குடுப்பாங்க" என்றாள் கிருபா. மே 30 அன்று என் பத்திரிகையில் வந்த ஆறு வரிச் செய்தியும் உதவியிருக்கலாம். நறுக்கை இத்துடன் வைத்திருக்கிறேன்.

வீட்டில் நலம். கிருபாவுக்கு இடுப்பு வலி. பெட்டியைத் தூக்கியதால் என்கிறாள்.

அன்புடன்,
அருள்

*

பெங்களூர்
2 ஜூலை 2025

அன்புள்ள அண்ணா,

எலிகள் நலம். நான் இல்லை.

அறுபது குழாய்களில் பதினொன்றில் பதினாறாம் வகை வைரஸ் வந்திருக்கிறது. இந்த வைரஸில் நிறைய வகை உண்டு, பெரும்பாலானவை தாமே போய்விடும். பதினாறு அப்படி எளிதில் போகாது. அறுபது பேரில் இரண்டு, மிஞ்சினால் மூன்று வரும் என்று எதிர்பார்த்தேன். பதினொன்று என்றால் உன் மூக்கண்டப்பள்ளி உலகத்திலேயே இல்லாத ஊராக இருக்க வேண்டும், அல்லது என் ஆய்வகத்தில் யாரோ ஒரு துளியைப் பதினொரு இடத்தில் தெளித்திருக்க வேண்டும். அதுவும் எண் 50 முதல் 60 வரை வரிசையாக. ஒரே சோதனைத் தட்டில் பக்கத்துப் பக்கத்துக் குழிகள். என் மாணவன் மோகன்குமார் இரண்டு நாளாக என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் அவனை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை போலிருக்கிறது.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்பாய். கடையில் இருக்கும் தடுப்பூசி, வைரஸ் வருவதற்கு முன் போட்டால்தான் தடுக்கும். நாங்கள் தேடுவது வேறு. வைரஸ் குடியேறிய பிறகும், உடம்பின் காவல் செல்களுக்கு "இதோ இவன்தான்" என்று அடையாளம் காட்டித்தரும் ஒரு ஊசி. அதற்கு, இந்தப் பக்கத்துப் பெண்களிடம் எந்த முகத்தோடு அது உலவுகிறது என்று தெரிய வேண்டும். தப்பான முகத்தைக் காட்டினால் ஐந்து வருட வேலை வீண்.

எல்லாவற்றையும் திரும்பச் செய்கிறேன். குழாய்களை எங்கே, எப்படி வைத்திருந்தீர்கள், யாராவது திறந்தார்களா, இதை அண்ணியே எழுதட்டும். நீ வேண்டாம். நீ எழுதினால் மின்சார வாரியத்தின் வரலாறு வரும்.

அண்ணியின் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

டெல்பின்

*

ஓசூர்
10 ஜூலை 2025, வியாழன்

அன்புள்ள டெல்பினுக்கு,

உறுதியானது: குழாய்கள் எங்கள் வீட்டு பிரிட்ஜின் நடுத்தட்டில், மூடிய டப்பாவில், தக்காளியிலிருந்து தனியாக இருந்தன. யாரும் திறக்கவில்லை. ஆதாரம்: நான். ஜூன் 5 அன்று மின்சாரம் நாற்பது நிமிடம் இல்லை. ஆதாரம்: மின்சார வாரிய உதவிப் பொறியாளர். நீ எதிர்பார்த்தபடியே எழுதிவிட்டேன்.

அண்ணி எழுதட்டும் என்றாய். உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள், மடித்தாள், பைபிளுக்குள் வைத்தாள். எழுத நேரமில்லையாம். "எல்லாம் ஒழுங்காத்தான் வெச்சிருந்தேன், வேறென்ன எழுதறது" என்றாள். நோட்டை நானும் பார்த்தேன். 50 முதல் 60 வரை பதினொரு பெயர்கள், பதினொரு கையெழுத்துகள். பிழை உங்கள் பக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது. தோன்றுவதை எழுதக் கூடாது, ஆனால் நீ தங்கை.

உன் பெட்டி இப்போது வேப்பனப்பள்ளிக்கும் பாரூருக்கும் போய்த் திரும்புகிறதாம். பாரூர்ப் பெண்கள் பத்தே நாளில் கொடுத்துவிட்டார்கள் என்று திம்மராயன் பெருமை பேசுகிறார், அவரே போய் வாங்கிய மாதிரி.

இங்கே நலம். பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக இந்த ஆகஸ்டில் கிருபா வேளாங்கண்ணிக்கு நடக்கப் போவதில்லை. முட்டி ஒத்துழைக்கவில்லையாம்.

அருள்

*

பெங்களூர்
6 ஆகஸ்ட் 2025

அண்ணா,

மோகன்குமாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆய்வகத்தில் பிழை இல்லை. மூன்று முறை, மூன்று தனித்தனி ஆட்கள், மூன்றாவது முறை வேறொரு நிறுவனத்தில். விடை மாறவில்லை.

இனி வருவதை நிதானமாகப் படி. பதினொரு குழாயிலும் இருப்பது ஒரே வைரஸ், எழுத்துக்கு எழுத்து. குழாயில் வந்த செல்களும் ஒரே உடம்பைச் சேர்ந்தவை. பதினொரு பெண்கள் இல்லை. ஒரே ஒருத்தி. அவள் பதினொரு தடவை கொடுத்திருக்கிறாள்.

யார் ஏமாற்றியது என்பது எனக்கு இப்போது இரண்டாவது கேள்வி. அந்தச் செல்களில் நல்லதில்லாத குறிகள் இருக்கின்றன. வைரஸ் அவள் உடம்பில் வருடக்கணக்காகத் தங்கிவிட்டது. செல்கள் மாறத் தொடங்கிவிட்டன. இப்போதே மருத்துவர் பார்த்தால் சின்ன வேலையாக முடியக்கூடும். ஆறு மாதம் கழித்து நான் எந்த உறுதியும் தரமாட்டேன். என் ஊசி இன்னும் எலிகளில்தான் இருக்கிறது, அவளுக்கு அது உதவாது. உதவக்கூடியது ஒன்றுதான்: அவள் யார் என்று தெரிவது.

அண்ணிக்குத் தனி உறை வைத்திருக்கிறேன். அந்தப் பதினொரு வீட்டுக்கும் அண்ணி போக வேண்டும். அண்ணி மட்டும். நீ போகாதே. மறுபடியும் எழுதுகிறேன், நீ போகாதே.

அண்ணியின் முட்டிக்கு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

டெல்பின்

*

ஓசூர்
21 ஆகஸ்ட் 2025, வியாழன்

அன்புள்ள டெல்பினுக்கு,

உறுதியானது: பதினொரு பெண்களும் மாதிரியைத் தாங்களே கொடுத்ததாகச் சொல்கிறார்கள். ஆதாரம்: அந்தப் பெண்கள், தனித்தனியாக, ஆகஸ்ட் 9 முதல் 17 வரை.

ஆமாம், நான்தான் போனேன். கிருபா முட்டியைக் காட்டினாள், கோயில் திருவிழா வேலையைக் காட்டினாள், கடைசியில் "நீங்கதான ஊரெல்லாம் கேள்வி கேக்கறவரு, போய்க் கேளுங்க" என்றாள். ஒரு உயிர் விஷயம் காத்திருக்கக் கூடாது என்று போனேன்.

சந்திப்புகள் எப்படி இருந்தன என்பதற்கு ஒன்று போதும். கருப்பாயி என்ற அம்மா, ராமநாதபுரம் பக்கம், உதிரிபாகக் கம்பெனியில் துப்புரவு வேலை. கணவர் வெள்ளைச்சாமி வாசலில் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க கொடுத்த குழாய் சம்பந்தமா ஒரு விஷயம் கேக்கணும்மா" என்றேன்.

"எந்தக் குழாய்?" என்றார் வெள்ளைச்சாமி.

"தண்ணிக் குழாயி. நீ வாயக் கொப்பளிச்சிட்டு உள்ள போ" என்றார் அந்த அம்மா. பிறகு என்னிடம், குரலை இறக்கி, "குடுத்தேன், குடுத்தேன். அதை நடுத்தெருவுல நின்னு ஒரு ஆம்பளைகிட்ட ஒப்பிக்கணுமாக்கும்? வந்த வழியப் பாத்துப் போங்கய்யா."

செல்போன் கம்பெனியில் அசெம்பிளி வேலை செய்யும் காவியா, வயது முப்பத்தொன்று, கேட்டுக்கு வெளியே ஷிப்டு பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். "கொடுத்தேன் சார்" என்றாள். "எப்போது?" என்றேன். "எப்பன்னு நோட்டுல இருக்குமே சார், நோட்டு உங்க வீட்டுலதான இருக்குது" என்றாள். பஸ் வந்துவிட்டது.

பதினொரு பேரும் சொல்லி வைத்தாற்போல் ஒரே பதில். முப்பத்திரண்டு வருட அனுபவத்தில் சொல்கிறேன், எல்லோரும் ஒரே பதில் சொன்னால் அதற்குள் ஒரு பொய் இருக்கிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

இங்கே நலம். கோயில் பாடகர் குழுவில் கிருபா இப்போது உட்கார்ந்துதான் பாடுகிறாள். படுக்கை விரிப்புகளை வாரத்துக்கு நான்கு தடவை துவைக்கிறாள். தண்ணீர் லாரி வரும் லட்சணத்தில் இது தேவையா என்று கேட்டேன், அடுத்த விரிப்பை வாளியில் முக்கினாள்.

அருள்

*

பெங்களூர்
27 ஆகஸ்ட் 2025

அண்ணா,

போகாதே என்று இரண்டு முறை எழுதினேன். மூன்றாவது முறை எழுதியிருந்தால் இரண்டு முறை போயிருப்பாய்.

கல்யாணமான ஒரு பெண்ணிடம், புருஷன் பல் துலக்கும்போது, அவள் உடம்பின் அந்த இடத்தைப் பற்றி ஒரு பத்திரிகைக்காரன் கேள்வி கேட்டால் அவள் என்ன சொல்வாள்? நான் அந்த இடத்தில் இருந்தால் குழாய் என்ன, குடத்தையே கொடுத்தேன் என்று சொல்லியிருப்பேன்.

நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பதினொரு பேரையும் அரசு மருத்துவமனையில் மகளிர் பிரிவில் மறுபடி பரிசோதிக்கிறார்கள். பெண் மருத்துவர், பெண் செவிலியர். தேதிச் சீட்டுகள் உள்ளே. அதைக் கொடுப்பது அண்ணியின் வேலை. மூன்று கடிதத்தில் கேட்டுவிட்டேன், அண்ணி எனக்கு ஒரு வரி எழுதவில்லை. என்மேல் கோபமா?

மூன்று வாரம் போய்விட்டது. அந்தப் பெண் எங்கோ ஒரு லைன் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருக்கிறாள்.

டெல்பின்

*

ஓசூர்
18 செப்டம்பர் 2025, வியாழன்

அன்புள்ள டெல்பினுக்கு,

உறுதியானது: பதினொரு பேரும் மறுபரிசோதனைக்குப் போனார்கள். ஒருவருக்கும் பதினாறாம் வகை இல்லை. ஆதாரம்: மருத்துவமனைச் சீட்டுகள், அவர்கள் சம்மதத்துடன் நானே பார்த்தவை. கருப்பாயி அம்மா மட்டும் சீட்டைத் தூரத்தில் பிடித்துக் காட்டினார்.

சீட்டு வந்த பயத்தில் காவியா உண்மையைச் சொன்னாள். இந்த முறை அவளே வீட்டுக்கு வந்தாள்.

"நாங்க யாரும் குடுக்கல சார். பிரஷைத் திருப்பிக் குடுத்துட்டோம். அக்காதான் 'நோட்டுல கையெழுத்து மட்டும் போடுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்'னாங்க."

"ஏன் கொடுக்கவில்லை?"

"அக்கா வீட்டுக்காரரு பேப்பர்காரரு. நாளைக்குப் பேரோட போட்டுட்டா?"

"அப்புறம் எதற்குக் கையெழுத்து?"

"நீங்கதான சார் பேப்பர்ல போட்டீங்க, அறுபது பேரு குடுத்தாத்தான் பொம்பளப் புள்ளைங்களுக்கு ஊசி முகாம்னு. எங்க வீட்டுலயே ரெண்டு இருக்குது. கருப்பாயி அக்காவுக்குப் பேத்தி இருக்குது."

மே 30 நறுக்கை எடுத்துப் பார்த்தேன். "அறுபது பேர் மாதிரி அளித்தால் அடுத்த கட்டமாகச் சிறுமிகளுக்கு இலவசத் தடுப்பூசி முகாம் நடத்தப்படும்" என்றுதான் இருக்கிறது. நீ போனில் சொன்னது "அறுபது முடிந்ததும் முகாம்" என்றா, "முடிந்தால்தான்" என்றா? அந்தப் பேச்சும் மூன்றாவது நிமிடத்தில் முடிந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

கிருபாவிடம் கேட்டேன். யார் அந்தப் பெண் என்றேன். "ஒருத்தி நிரப்பிக் குடுத்தா. சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். இப்ப கேக்காதீங்க" என்றாள். நான் மேலே கேட்கவில்லை. தகவல் தந்தவர் பெயரைக் காட்டிக்கொடுக்கச் சொல்லி இந்த முப்பத்திரண்டு வருடத்தில் நான் யாரையும் வற்புறுத்தியதில்லை, என்னையும் யாரும் வற்புறுத்த விட்டதில்லை. வீட்டில் மட்டும் அதை மாற்ற முடியாது. அந்தப் பெண்ணிடம் தானே பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

முகாம் செப்டம்பர் 28, ஞாயிறு. பள்ளி வளாகம். நாற்பத்து மூன்று சிறுமிகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

இங்கே நலம். கிருபாவுக்கு மருந்துக்கடையில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கினோம். முகம் வெளுத்திருக்கிறது, வெயில் காரணமாக இருக்கலாம்.

அருள்

*

பெங்களூர்
24 செப்டம்பர் 2025

அண்ணா,

இன்று காலை கோபத்தில் உனக்கு நாலு பக்கம் எழுதினேன். மனைவியை மனைவியாகக் கேட்காமல், தகவல் தந்தவராக வைத்துக் காப்பாற்றும் ஒரே மனிதன் நீதான் என்று அதில் இருந்தது. கிழித்துவிட்டேன்.

பிறகு உன் கடிதங்களை எல்லாம் எடுத்து, கடைசிப் பத்திகளை மட்டும் வரிசையாகப் படித்தேன். நீயும் படி.

ஜூன்: இடுப்பு வலி.
ஜூலை: பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக வேளாங்கண்ணி இல்லை.
ஆகஸ்ட்: நிற்க முடியாமல் உட்கார்ந்து பாடுகிறார். படுக்கை விரிப்பு, வாரத்துக்கு நான்கு தடவை.
செப்டம்பர்: வெளுத்த முகம், இரும்புச்சத்து மாத்திரை.

செய்தியில் முக்கியமானது மேலே, இடமில்லாவிட்டால் வெட்டக்கூடியது கீழே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீ.

நான் மட்டும் என்ன? நானும் அந்த வரிகளைப் படித்துவிட்டு ஒத்தடம் கொடு, முட்டியைக் காட்டு என்று எழுதியவள். இருபது வருடமாக இந்த வைரஸை மட்டும் படித்தவள்.

அந்த நோட்டில் அறுபது பெயர்கள் இருக்கின்றன. இல்லாத பெயர் எழுதியவருடையது.

இதற்கு மேல் நான் எழுதமாட்டேன். மேசையை விட்டு எழுந்து அடுப்படிக்குப் போ.

டெல்பின்

*

மூக்கண்டப்பள்ளி
29 செப்டம்பர் 2025

டெல்பின் கண்ணுக்கு,

அண்ணி எழுதறேன். நேரத்துக்குச் சாப்பிடறியா. இதைப் பெட்டி மூடியில வெக்கல, கூரியர்ல அனுப்பறேன்.

அந்தப் பதினொண்ணும் என்னோடது.

வியாழக்கிழமை உங்க அண்ணன் உன் கடுதாசியோட அடுப்படிக்கு வந்தாரு. நான் புளி கரைச்சுக்கிட்டு இருந்தேன். "உனக்கு எத்தனை நாளா ரத்தம் படுது"ன்னாரு. இருபத்தெட்டு வருசத்துல என்னைப் பத்தி என்கிட்ட கேட்ட மொதக் கேள்வி. "ஏப்ரல்ல இருந்து"ன்னேன். சட்டைப் பையில பேனாவத் தேடுனாரு. பேனா இல்ல. அரிசி டப்பா மேல உக்காந்துட்டாரு.

எனக்கு எல்லாம் நின்னு மூணு வருசம் ஆச்சு. மறுபடி பட்டப்ப சூடுன்னு நெனச்சேன், மோர் குடிச்சேன். அந்த நெனப்புலதான் ஜூன்ல உன் குழாயை எடுத்துக்கிட்டேன். அம்பத்து மூணு வயசுக்காரி, எனக்கென்ன இருக்கப்போவுது, நம்மளது சுத்தமாத்தான் வரும், உன் வேலைக்கு ஒரு கெடுதலும் இல்லன்னு நெனச்சேன். மூணு நாள்ல பதினொண்ணும் முடிச்சேன். அந்தப் பொம்பளைங்க கையெழுத்துப் போட்டப்ப எனக்குக் கோயில்ல திரி கொளுத்தின மாதிரி இருந்துச்சு.

ஜூலைல உன் கடுதாசியில பதினொண்ணுன்னு படிச்சேன் பாரு, அப்பவே தெரிஞ்சுபோச்சு. உங்க எல்லாருக்கும் முன்னாடி எனக்குத்தான் தெரியும். பைபிளுக்குள்ள வெச்சுட்டேன்.

ஏன் சொல்லலன்னு கேப்ப. சொன்னா அறுபது நாப்பத்தொம்பது ஆயிடும். முகாம் நின்னுடும். காவியாவோட ரெண்டும், கருப்பாயி பேத்தியும் வெறுங்கையோட நிக்கும். ஊசி போடற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு மாதாகிட்டச் சொல்லிட்டேன். வாக்குக் குடுத்தேன்னு உங்க அண்ணன்கிட்டச் சொன்னது அதைத்தான்.

வியாழக்கிழமையே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புன்னாரு. ஞாயித்துக்கிழமை கழியட்டும்னேன். சத்தம் போட்டாரு. நானும் போட்டேன். அப்பறம் வெள்ளி, சனி ரெண்டு நாளும் என் பின்னாடியே சுத்துனாரு, துவைச்ச விரிப்பைக் கொடியில காயப்போட்டாரு. ஒழுங்காப் போடத் தெரியல.

நேத்து நாப்பத்து மூணு புள்ளைங்களுக்கும் ஊசி போட்டாச்சு. ஒண்ணு மயங்கி விழுந்துச்சு, பயத்துல. கருப்பாயி பேத்திதான். எழுந்ததும் மிட்டாய் கேட்டுச்சு.

உன் ஆராய்ச்சியைக் கெடுத்துட்டேன். அதுதான் நெஞ்சை அறுக்குது. இனி நீ சொல்றபடி கேக்கறேன்.

கிருபாராணி அண்ணி

*

பெங்களூர்
1 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணி,

அறுபதுக்கும் முகாமுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரே ஒரு குழாய் வந்திருந்தாலும் முகாம் நடந்திருக்கும். ஒன்றும் வராவிட்டாலும் நடந்திருக்கும். அதற்கான அனுமதிக் கடிதம் மார்ச் மாதமே என் மேசையில் இருக்கிறது.

இதை எழுதும்போது எனக்கு யார்மேல் எரிச்சல் என்று தெரியவில்லை. மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்த உங்கள்மேலா, அந்த ஆறு வரியை எழுதிய அண்ணன்மேலா, அவன் ஜூன் மாதமே அனுப்பிய நறுக்கை இன்று காலை முதல் முறையாகப் படித்த, போன மாதம் அவன் அதைப் பற்றிக் கேட்டதற்கும் பதில் எழுதாத என்மேலா.

அக்டோபர் 9, வியாழன், காலை எட்டரை. அதே மகளிர் பிரிவு. நான் நேரில் வருகிறேன். லைன் வீடுகள் பக்கம் வரக் கூடாது என்றுதான் விதி; ஆஸ்பத்திரி வராந்தாவைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை.

பதினொரு குழாயை நீக்கி, நடந்ததை நெறிமுறைக் குழுவுக்கு எழுதிவிட்டேன். அதைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டாம். சாப்பிட்டுவிட்டு வாருங்கள், வெறும் வயிறு தேவையில்லை.

டெல்பின்

*

ஓசூர்
6 நவம்பர் 2025, வியாழன்

அன்புள்ள டெல்பினுக்கு,

கிருபா நேற்று மாலை வீட்டுக்கு வந்துவிட்டாள். நவம்பர் 4, செவ்வாய், கருப்பை வாயில் மாறியிருந்த பகுதியை மொத்தமாக வெட்டி எடுத்தார்கள். மயக்கம் தெளிய ஒரு மணி நேரம் ஆனது. ரத்தப்போக்கு குறைந்திருக்கிறது. வலி இருக்கிறது. ஆதாரம்: மருத்துவமனைச் சீட்டு, டாக்டர், கிருபா. முதல் இரண்டையும் விட மூன்றாவதை அதிகம் விசாரித்தேன். "எத்தனை தடவைதான் கேப்பீங்க" என்றாள். அக்டோபர் 9 அன்று எடுத்த சதையின் விடை உனக்குத் தெரிந்ததுதான்: பெரும்பகுதி புற்றுநோய்க்கு முந்திய நிலை, ஓரிடத்தில் அதைத் தாண்டியிருக்கலாம் என்ற சந்தேகம்.

அன்று நீ அந்த வராந்தாவில் மூன்று மணி நேரம் என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாய். நம் இருவருக்குள் இவ்வளவு நேரம் சண்டையில்லாமல் போனது அதுதான் முதல் முறை.

மற்றவை இனி. அக்டோபர் 12 இதழில், மூன்றாம் பக்கத்தில், நான்கு வரித் திருத்தம் வந்தது: முகாமுக்கு நிபந்தனை எதுவும் கிடையாது, மே 30 செய்தியில் இருந்தது நிருபரின் பிழை. ஆசிரியர் "நிருபரின்" என்ற சொல்லை எடுத்துவிடலாம் என்றார். இருக்கட்டும் என்றேன்.

பதினொரு பேரும் இப்போது உண்மையாகவே மாதிரி கொடுத்துவிட்டார்கள். கிருபாவின் இடத்தில் இப்போது காவியா. குழாயோடு வந்த கருப்பாயி அம்மா வாசலில் என்னைப் பார்த்ததும் நின்றார். "நீங்க தள்ளி நில்லுங்கய்யா" என்றார். தள்ளி நின்றேன். உள்ளே போய்க் கிருபாவின் கட்டிலில் உட்கார்ந்து, "எனக்காகவாடி இதை இழுத்துக்கிட்ட" என்று அவளைத் திட்டியது வெளியே கேட்டது. கிருபா சிரித்ததும் கேட்டது. அந்தக் குழாய்கள் இந்தப் பெட்டியில், 50 முதல் 60 வரை. திம்மராயன் வண்டியில் ஏறியும் கிளம்பாமல் நின்றார். "அம்மாவுக்கு எப்படி இருக்குது சார்" என்றார். சொன்னேன். "ஓரம் எல்லாம் சுத்தமா எடுத்துட்டாங்களா" என்றார். பெங்களூரில் உங்களோடு இருந்து எல்லோரும் டாக்டராகிவிட்டார்கள்.

அவர் கேட்டதுதான் நிலுவையில் இருக்கிறது. வெட்டி எடுத்த துண்டின் ஓரங்களில் மாறிய செல்கள் இருக்கின்றனவா, இல்லையா. இல்லையென்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை போதும். இருந்தால் பெரிய அறுவைச் சிகிச்சை. முடிவு நவம்பர் 14, வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணிக்கு மேல், நான்காம் கவுன்ட்டரில் தருவார்கள். இருவரும் போகிறோம். அன்று கடிதம் எழுதமாட்டேன். போன் செய்வேன். எடு.

அருள்